முப்பத்திரண்டு பல்

போயகா மலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு எடில்மா திபாதுய்சா ஒருத்திதான் டீச்சர். வீட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். பதினோரு வருடமாக ரேஸ் சைக்கிளில்தான் போய்வந்தாள். ஜூன் மாதத்தில் ஒரு காலை, சிலுவை வளைவின் செங்குத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் பல்லில் பிடிக்காமல் நழுவியது. கால் வெறுமையில் இறங்கியது. அப்படியே சாலையில் விழுந்தாள்.

பின்னால் உருளைக்கிழங்கு லாரி வந்துகொண்டிருந்தது. அது நின்றபோது அதன் சக்கரம் அவள் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ரப்பரின் சூடு கன்னத்தில் அடித்தது. ஓடிவந்த டிரைவர் அவளைத் தூக்கத் தெம்பில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் மூன்று வாரம் சைக்கிளைத் தொடவில்லை. பஸ்ஸில் போனாள். அந்த வளைவு வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். பஸ் பாதி வழியில் திரும்பிவிடும். மிச்சத்தை நடந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஆர்செனியோவின் ரிப்பேர் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அவர் பின்சக்கரத்தைக் கழற்றி, அதிலிருந்த கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கை, துடைத்துக் காட்டினார். அடுக்கிய சக்கரங்களில் நடுவிலிருந்த மூன்றின் பற்கள் சுறாமீன் துடுப்புபோலத் தேய்ந்து சாய்ந்திருந்தன. சமீபத்தில் செயினை மட்டும் மாற்றினாளா என்று கேட்டார். ஆமாம், மே மாதத்தில் அவளே மாற்றினாள்.

"அங்கதான் தப்பு டீச்சர். பல்லு தேஞ்சு போச்சு, செயின் புதுசு. ரெண்டும் ஒட்டல. அழுத்தி மிதிச்சா தாவத்தான் செய்யும்."

தன் கையால் மாட்டிய செயின்தான் அவளை அந்த லாரிக்கு முன்னால் தள்ளியிருக்கிறது.

பழையது மாதிரியே பெரிய சக்கரத்துக்கு இருபத்தைந்து பல் உள்ள கேசட்டை அவர் எடுத்து வைத்தார். எடில்மா வேண்டாமென்றாள். அதில் அந்த வளைவை எழுந்து நிற்காமல் ஏற முடியாது. பெரிய சக்கரத்துக்கு முப்பத்திரண்டு பல் இருந்தால் மிதி லேசாகும், அதுதான் வேண்டும்.

"நம்ம ஊர்ல அத யாரு கேக்குறா? இடுப்பு போன கிழவனுங்க கேப்பானுங்க. உங்க காலுக்கு என்ன குறைச்சல்?"

"காலுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. எந்திரிச்சு நிக்க பயமா இருக்கு. உக்காந்தே ஏறணும்."

அவர் அதற்குமேல் கிண்டல் பண்ணவில்லை. செயினை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடும் கை குட்டை, முப்பத்திரண்டுக்கு எட்டாது என்று சொல்லி, உள்ளே தேடி நீளமான ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். இருந்த செயின் நீளம் போதாதென்று அதையும் புதிதாகப் போட்டார். பிறகு பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதிகட்டையில் ஏறி நிற்கச் சொன்னார். நின்றாள். செயின் அசையவில்லை. மூன்று முறை நின்று பார்த்தாள். இருந்தும் நம்பிக்கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை வளைவை நெருங்கும்போதே செயினைப் பெரிய சக்கரத்துக்கு ஏற்றினாள். பாதி வளைவில் பின்னால் லாரிச் சத்தம். இறங்கி ஓரமாக ஒதுங்கிவிடலாமா என்று நினைத்தாள். மிதியிலிருந்து ஒரு காலை எடுத்தால் விழுந்துவிடுவோமென்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்தபடி, எண்ணி எண்ணி மிதித்தாள். லாரி ஹாரன் அடிக்காமல் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. மேலே சாலை அகன்றதும் அது விலகிப் போயிற்று.

பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் வருவதற்குள் கதவைத் திறந்து வைத்தாள். இப்போதும் தினமும் ஏறுகிறாள். அந்த வளைவில் மட்டும் எழுந்து நிற்பதில்லை.