மருந்தில் சேராத மாத்திரை

மாமாவின் ரத்தத்தில் ஈஸ்ட் வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் அக்கா என்னைப் பார்த்தாள். பத்திரிகையில் வேலை செய்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைப்பாள். எனக்குத் தெரிந்தது பன்னை உப்ப வைக்கும் ஈஸ்ட் மட்டும்தான்.

அக்காவின் கணவர் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்தில் மீன்பிடிப்பவர். குடலில் ஓட்டை விழுந்து, செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அது நன்றாகவே முடிந்தது. ஐ.சி.யூ.வில் மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்து நரம்பில் குழாய் போட்டிருந்தார்கள். இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறியபோது ரத்தத்தைச் சோதித்தார்கள். ஈஸ்ட் ஒரு வகைப் பூஞ்சை, ரத்தத்தில் வந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

"வீட்ல வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிட்டிருந்தாராம்மா?"

"ஒண்ணும் இல்ல சார். சுகரு கூடக் கெடையாது."

அந்தப் பதிலை நம்பி, வழக்கமாகக் கொடுக்கும் பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். எந்த மருந்து கேட்கும் என்பதை லேபில் சோதித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் ஈஸ்ட் வளர வேண்டும். காத்திருந்தோம். காய்ச்சல் இறங்கவில்லை.

லேப் டாக்டர் ஒரு பெண்மணி. என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு தட்டைக் காட்டினார். இளநீலப் பரப்பு முழுக்க ஈஸ்ட் பால்நிறத்தில் படர்ந்திருந்தது. அதன் மேல் பொட்டு அளவில் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராமல் ஒரு வட்டம் தெளிந்திருக்கும். மாமாவுக்கு ஏறிக்கொண்டிருந்த மருந்தின் வில்லையைச் சுற்றி வட்டமே இல்லை. ஈஸ்ட் அதன் விளிம்பு வரை வந்திருந்தது. பக்கத்து வில்லையைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம்.

"இந்த மருந்துக்கு மாத்தச் சொல்லிட்டேன். இவர் படைக்கு, அரிப்புக்கு மாத்திரை ஏதாவது சாப்பிட்டதுண்டா? அதுவும் பூஞ்சை மருந்துதான், பழகிட்டா அப்புறம் கேக்காது."

தெரியவில்லை என்றேன். வெளியே அக்காவும் மாமாவின் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டேன்.

"நாளெல்லாம் ஈர லுங்கியோட கெடந்தா அரிக்காம இன்னா பண்ணும்?" என்றார் தம்பி. "எங்க குப்பத்துல அதத் துன்னாதவன் எவன் கீறான், சொல்லு."

"அது மருந்தாடா?" என்றாள் அக்கா. "அரிப்பு மாத்திர. வாரத்துக்கு ஒண்ணு. நான்தான் திருப்போரூர் போறப்ப மெடிக்கல்ல வாங்கியாருவேன். வருசக்கணக்கா துன்னுகினு கீறாரு."

"அண்ணி ஒரு கடையே வெச்சினுகீது. எனக்குக் கூட ரெண்டு குடுத்துச்சி."

அக்கா சிரிக்கவில்லை. "இன்னாடா, அதான் இதுவா?" என்றாள்.

மாத்திரையின் பெயரைச் சொன்னாள்; முதலில் ஏற்றியதும் அதே மருந்துதான்.

புது மருந்தில் காய்ச்சல் ஒரு நாள் விட்டது. அன்று அக்கா கேன்டீனுக்கு வந்து நாஸ்தா சாப்பிட்டாள், இரண்டாவது தோசையும் கேட்டாள். பிறகு சிறுநீர் நின்றது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு மத்தியானம் மாமா இறந்தார்.

உடலை எடுக்கும் முன் அக்கா டாக்டரிடம் போய் நின்றாள். நானும் கூட இருந்தேன்.

"வாரா வாரம் நான் குடுத்த மாத்திரையாலதான் மொத மருந்து கேக்கலியா சார்?"

அவர் இளைஞர்.

"இருக்கலாம்மா. இல்லாமலும் இருக்கலாம். அந்த மாதிரி ஈஸ்ட் ஆஸ்பத்திரியிலயே கூட ஒட்டிக்கும். எதனாலன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது."

சரியான பதில். செய்தியாக என் மேசைக்கு வந்திருந்தால் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க மாட்டேன். அக்காவுக்காக அவர் 'இல்லை' என்று ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது.

ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. அக்கா கொழுந்தனிடம், "இருக்கலாம்னு சொல்லிட்டாருடா" என்றாள்.

"இல்லாமலும் இருக்கலாம்னும் சொன்னாரு அண்ணி."

சாலை அங்கே மோசம். வண்டி தூக்கிப் போட்டதில் மாமாவின் கால்கள் போர்வைக்கு வெளியே வந்தன. அக்கா போர்வையை இழுத்து மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள்.