கரண்ட் போன அறை

என் நண்பர் ஒருவர் சாத்தாங்காட்டில் ஒரு இரும்புக்கடையில் வேலை பார்த்தார்; அதன் மாடியில்தான் அவர் அறை. கீழே எடை போட்டுவிட்டு வருவார், புருவமெல்லாம் துருப்பொடி. நண்பர்கள் சேர்ந்து நடத்திய எங்கள் சின்ன பிளாக்செயினில், அதாவது எல்லார் கணினியிலும் ஒன்றாக ஓடும் பொதுக் கணக்கேட்டில், அவரும் பங்கு வைத்திருந்தார். அதன் அடுத்த பக்கத்தை, அதாவது பிளாக்கை, எழுதுகிறவருக்குக் கூலி உண்டு. அந்த ஆளைக் குலுக்கலில் எடுப்போம். ஆளுக்கொரு எண்ணை ரகசியமாகப் பூட்டி வைத்து, பிறகு திறக்க வேண்டும்; எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற தொகை ஆளைச் சொல்லும்.

அவர் எப்போதும் கடைசியாகத்தான் திறப்பார். சில நாள் திறக்கவே மாட்டார். "கரண்ட் பூட்ச்சு மாமு" என்று குழுவில் செய்தி வரும். பாவம், திறக்காதவரின் எண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டலாம், ஆள் குலுக்கலில் இருக்கட்டும் என்று மற்றவர்களிடம் சண்டை போட்டு விதியை மாற்றியவன் நான்.

ஒரு மத்தியானம் சொல்லாமல் போய் அவர் பின்னால் நின்றேன். மற்றவர்களின் எண்கள் கணினித் திரையில் திறந்து கிடந்தன. தன் எண்ணைச் சேர்த்தால் யார், சேர்க்காவிட்டால் யார் என்று இரண்டு விடையையும் போட்டு வைத்திருந்தார். சேர்க்காவிட்டால் அவர்தான். நிதானமாக நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, போனில் "கரண்ட் பூட்ச்சு" என்று அடித்தார்.

"இன்னா மாமு இது?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். பதறவில்லை. "நான் இன்னா பொய் நம்பரா போட்டேன்? போடாம கீறேன், அவ்ளோதான்."

"உனுக்காகத்தானே அந்த ரூலையே கொண்டாந்தேன்?"

எனக்கு வேர்த்துக் கொட்டுவதைப் பார்த்து, ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். அதை அக்கறையோடுதான் செய்தார். அதுதான் இன்னும் எரிகிறது.