வாய்க்கால் கரை வழியாக ஓடுகிறவள்

தையல்கார அக்கா ஓட ஆரம்பித்ததற்கு அவள் வீட்டுக்காரர்தான் காரணம். மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர் அவர். கல்யாணமானதிலிருந்து அவள் காலால் மிதித்துத் தைத்துக்கொண்டிருந்த மெஷினுக்கு, யாரும் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிக்கொடுத்தார்.

"இனிமே ராணி மாதிரி உட்கார்ந்து தை" என்றார்.

அவளும் உட்கார்ந்தாள். கொஞ்ச நாளிலேயே கால்கள் இரண்டும் வேலையில்லாமல் தவிக்க ஆரம்பித்தன. மெஷினுக்கு அடியில் தாமாக ஆடின. தூக்கத்தில் அவரை உதைத்தன.

"என்னடி இது, கழுதை மாதிரி?"

"மோட்டார் மாட்டினது யாரு? வாங்கிக்கங்க" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற ஷூ ஒரு ஜோடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கொஞ்சம் பெரிசு. முனையில் துணி வைத்து அடைத்துக்கொண்டு ஒரு காலையில் கிளம்பிவிட்டாள். ஓட்டத்துக்கும் அவளுக்கும் அதுவரை ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பந்தயத்தில் கடைசிக்கு முந்தி வந்தவள். கடைசியாக வந்த பெண்ணுக்குக் கால் சுளுக்கியிருந்தது.

முதலில் பெரிய ரோட்டில்தான் ஓடினாள். லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரனை அழுத்தினார்கள். டீக்கடை வாசலில் நின்றவன், "யாரு துரத்தறாங்கக்கா? சொல்லுங்க, ஒரு கை பார்க்கலாம்" என்றான். வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர், "இந்த வயசுல ஓடி எந்த பஸ்ஸைப் பிடிக்கப் போற?" என்றார்.

"உங்களை விட்டுட்டு ஓடறதா இருந்தா அப்பவே ஓடியிருப்பேன். இது சும்மா ஓடறது."

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஹாரன் தாங்காமல் ஒருநாள் மர அறுவை மில்லுக்குப் பின்னால் திரும்பியபோதுதான் அந்த வழி கிடைத்தது. வாய்க்கால் கரை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காலுக்கு மெத்தென்ற மண். கரை போய்ச் சேருகிற சிற்றூரில் ஒரே ஒரு தெரு. அங்கிருந்த நாய்கள் முதல் நாள் குரைத்தன, மறுநாள் எழுந்து பார்த்தன, அப்புறம் அதையும் விட்டுவிட்டன. தெரு முடிந்ததும் சூரியகாந்தித் தோட்டத்தை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை. அது அடுத்த ஊர்க் குளத்தில் கொண்டுபோய் விடும். குளத்தைச் சுற்றி வந்தால் மில் ரோடு, பிறகு வீடு. அந்த ஒற்றையடிப் பாதை இல்லாவிட்டால் கரையும் குளமும் சேராது. மறுபடி லாரிக்குப் பின்னால்தான் ஓட வேண்டும்.

இரண்டு மாதத்தில் நாத்தனாரும் மருந்துக்கடைக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். ஓடினார்கள் என்பதைவிட நகர்ந்தார்கள் என்று சொல்லலாம். தையல்கார அக்கா முன்னால் போய்விடுவாள்; இவர்கள் திருப்பத்தைத் தவறவிட்டு எங்காவது போய் நிற்பார்கள். ஒருநாள் நாத்தனார் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகைக்குள் போய்விட்டாள்.

"ஏண்டி, அங்கே யார்கிட்ட வழி கேட்ட?"

"சிரிக்காதீங்க அண்ணி. திருப்பத்துல ஏதாவது அடையாளம் வச்சுட்டுப் போனா என்னவாம்?"

அவள் தையல்கடையில் லைனிங் துணியில் வெட்டி விழுந்த துண்டுகள் கிடந்தன. சிவப்பு. தூரத்திலிருந்து தெரியும் என்று அவற்றை ரிப்பனாகக் கிழித்து ஒவ்வொரு திருப்பத்திலும் மரத்தில் கட்டினாள். தோட்டத்தை ஒட்டி மரம் இல்லை. அங்கே குச்சி ஊன்றிக் கட்டினாள். சிவப்புத் துணி கட்டிய குச்சிகள், வரப்பு ஓரமாக, வரிசையாக.

தைக்கிறவள் கண்ணுக்கு அது துணி. தோட்டக்காரர் கண்ணுக்கு அது நிலத்தை அளந்து சர்வே கல் நடுவதற்கு முந்தின வேலை. முந்தின வருஷம்தான் பக்கத்து ஊரில் இதே மாதிரி குச்சி ஊன்றி, துணி கட்டி, அளந்து, நாலு பேர் நிலத்தைப் புறவழிச்சாலைக்கு எடுத்திருந்தார்கள். மனுஷர் இடிந்து போனார். மழை பெய்து மண் பதமாக இருந்த வாரத்தில் விதைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போகிற நிலத்தில் எதற்கு விதையைக் கொட்டுவது? அரசாங்க ஆபீசில் போய்க் கேட்டார். அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். நிலத்தை எடுக்கப்போவது இல்லை என்று யாரும் சொல்லாததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அளக்க வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று ஒரு காலையில் வரப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பிடித்தது, வெளுத்துப்போன துணியை அவிழ்த்துப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்த தையல்கார அக்காவை.

"எந்த ஆபீஸ் நீ?"

"ஆபீஸா? நான் தையல்கடைங்க. பின்னாடி ஓடி வர்றவங்களுக்கு வழி தெரியத்தான் இந்தத் துணி."

விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று.

"பொழுதுபோகாம ஓடறதுக்கு என் வரப்புதான் கிடைச்சுதா? ஒரு விதைப்பு போச்சு தெரியுமா? என் பொண்டாட்டி சோறு தின்னு எத்தனை நாளாச்சு தெரியுமா?"

பின்னால் வந்த இரண்டு பேரும் தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். தையல்கார அக்கா குனிந்து பக்கத்திலிருந்த குச்சியைப் பிடுங்கினாள்.

"தப்புதாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இப்பவே எல்லாத்தையும் எடுத்துடறேன்."

"துணியை எடுத்தா ஆச்சா? இந்தப் பக்கம் யாரும் காலை வைக்கக் கூடாது."

அவள் பிடுங்கிய குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"துணி கட்டினது தப்புன்னு சொல்லிட்டேன். ஓடறது தப்பில்லை. இது ஊர்ப் பாதை."

"நாளைக்கு வந்து பாரு."

மறுநாள் பாதையை அடைத்து முள் வெட்டிப் போட்டிருந்தது. நாத்தனார் அன்றோடு நின்றுகொண்டாள். மருந்துக்கடைக்காரம்மா, நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் வந்திருக்கிறது, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்றாள்.

"நின்ன இடத்துலயே ஓடறதுக்கு எதுக்கும்மா ஷூ? நான் குளத்தைப் பார்க்கணும்."

வீட்டுக்காரர், "விட்டுத் தொலையேன். பெரிய ரோட்டுல ஓடு, இல்லை மொட்டை மாடியைச் சுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "வேணும்னா நான் போய் அந்த ஆளைப் பார்க்கட்டுமா?" என்றார்.

"நீங்க எதுக்கு? அவருக்கு என் மேல கோபம் இருக்கு, நியாயம். எனக்கு வழி வேணும், அதுவும் நியாயம்."

அடுத்த காலையில் ஒரு கவைக்குச்சியோடு போனாள். முள்ளைக் கோர்த்து இழுத்தாள். முழங்கையில் கிழித்தது. ஆள் நுழைகிற அளவுக்கு விலக்கி, அந்தப் பக்கம் போய், திரும்பி நின்று, முள்ளை இருந்த இடத்திலேயே இழுத்து வைத்தாள். கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எடுத்ததை எதுக்குத் திருப்பி வைக்கிற?"

"ஆடு நுழைஞ்சா அதுக்கும் என்னைத்தானே சொல்வீங்க!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

மறுநாள் இன்னும் முள் போட்டார். அவள் இன்னும் நீளமான குச்சி கொண்டுவந்தாள். விரலில் பிளாஸ்திரியோடு தைத்தாள். "கத்தரி பட்டுடுச்சா?" என்று கேட்ட வாடிக்கைக்காரர்களிடம், "இல்லை, முள்ளு. நாளைக்கும் படும்" என்றாள். இதற்கிடையில் தோட்டக்காரர் பின்பருவ விதை போட்டார். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தால், அவள் ஓட்டத்தைக் குறைத்து ஒதுங்கி நின்று, பிறகு ஓடினாள்.

பாதை அவளுக்கு மட்டும் பாதை இல்லையே. பால்காரர் சைக்கிளோடு வந்து முள்ளைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். குளத்துக்கு மீன் பிடிக்கப் போனவர்கள் அதைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள். முளைத்து ரெண்டு இலை விட்டிருந்த பயிரை ஒருநாள் ஆடு மேய்ந்துவிட்டது. தோட்டக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிக் கிளம்பினார், முள் வெட்டத்தான் என்று பிறகு சொன்னார். அவர் மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"எங்கே போறீங்க? எடுத்த முள்ளைத் திருப்பி வைக்கிறது அந்தம்மா ஒருத்திதான். தினம் பார்க்கறேன். தினமும் முள்ளு வெட்டற நேரத்துக்கு ஒழுங்கா ஒரு படல் கட்டி வச்சா, வர்றவன் திறந்து மூடிட்டுப் போவான். ரோஷத்தை ஆடு மேயாது, பயிரைத்தான் மேயும்."

இரண்டு நாள் கழித்து முள் இருந்த இடத்தில் மூங்கில் படல் நின்றது. கம்பி வளையம் போட்டு மாட்டுகிற மாதிரி. தோட்டக்காரர் பக்கத்திலேயே நின்றார், அதைக் கட்டியது வேறு யாரோ என்பதுபோல.

"மூடிட்டுப் போகணும்."

"எப்ப மூடாம போனேன்?"

"துணி கிணி எதுவும் கட்டக் கூடாது."

"கட்ட மாட்டேன். ஆனா நாளைக்கு என் நாத்தனாரை இழுத்துட்டு வருவேன். அவ மெதுவாத்தான் வருவா. அவ போற வரைக்கும் படலைப் பிடிச்சுக்கங்க."

"நான் என்ன உன் வேலைக்காரனா?"

"பிடிக்காட்டி போங்க. நாங்களே திறந்துக்கறோம்" என்று படலைத் திறந்து அந்தப் பக்கம் போய், வளையத்தை மாட்டிவிட்டு, குளத்தைப் பார்த்து ஓடினாள்.