ஐ.சி.யூ. வாசலில் தெலுங்கில் பேசினேன்

போன வருஷம் ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்குக் கொண்டுபோவதற்குள் அவரால் இமையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியில் நேராக ஐ.சி.யூ.வில் சேர்த்து, தொண்டையில் குழாய் போட்டு, மூச்சு மெஷினில் வைத்தார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேத வசனம் ஒன்றும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல யாரையாவது அனுப்பும்" என்று மட்டும் கேட்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். மாட்டைக் கட்டுவதுபோல் கட்டிவிட்டார்களே என்று அழுதேன். கலா என்ற நர்ஸ் பக்கத்தில் வந்தார். "அரை மயக்கத்துல குழாயைப் பிடுங்கிடுவாருங்க. அதான் கட்டிகீறோம். கையைத் தொட்டுப் பேசுங்க, காதுல விழும்" என்றார். நான் கேட்ட ஆளைக் கர்த்தர் அனுப்பிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். சில நாளில் என் வீட்டுக்காரர் கண் திறந்தார். பிழைத்து வீடு வந்தார்.

அதன்பிறகு எங்கள் சபைப் பெண்களோடு வாரம் தவறாமல் அதே வாசலுக்குப் போகிறேன். காத்திருப்பவர்களுக்கு வெந்நீர் கொடுப்போம், நர்ஸ்களுக்கு டீ வாங்கித் தருவோம், டாக்டர் சொன்னதைப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்பதில்லை.

போன கிருத்திகை அன்று, முருகன் கோயில் மலைப்படியில் வலிப்பு வந்து விழுந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். ஆந்திராவில் நகரி பக்கத்துக்காரர். அவர் கணவர் வெங்கடேசுக்குத் தமிழ் வராது. உள்ளே போய், கைகள் கட்டப்பட்டு மூச்சு மெஷினில் கிடந்த மனைவியைப் பார்த்தவர் கத்திக்கொண்டே வெளியே வந்தார். குழாயைக் கழற்றுங்கள், இப்போதே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று தெலுங்கில் சத்தம் போட்டார். மெஷினை எடுத்தால் அந்த அம்மா பிழைக்கமாட்டார். தடுத்த கலாவை அடிக்கக் கை ஓங்கினார். எனக்குத் தெலுங்கு தெரியும். ஆனாலும் அவர் முன்னால் போகப் பயந்தேன். கர்த்தாவே, ஒரு வார்த்தை கொடும் என்று மனதுக்குள் கேட்டேன்.

"அண்ணா, எங்க வீட்டுக்காரரு கையையும் இப்படித்தான் கட்டினாங்க" என்று தெலுங்கில் சொன்னேன்.

ஓங்கிய கை நின்றது. "அவரு இப்போ எங்க?"

"வீட்டுல தறி ஓட்டிகினு கீறாருண்ணா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் கட்டுகிறார்கள் என்று விவரமாகச் சொன்னேன். "அவளுக்குக் கை வலிக்குமேம்மா" என்று அழுதார். அதைக் கலாவிடம் தமிழில் சொன்னேன். கலா அவரை உள்ளே அழைத்துப்போய், கட்டைத் தளர்த்திப் பஞ்சு வைத்துக் கட்டி, மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வந்த கலா, டீயைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மாவும் பிழைத்தார். அந்த வாசலில் எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயோடும் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதும் கர்த்தர் என்னை அங்கிருந்து எழுந்து போகவிடவில்லை. முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசனைக்கே பயப்படுகிறவள் நான்.

உங்கள் வீட்டில் யாராவது இப்போது உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தால், பெரிய ஜெபம் செய்யத் தெரியவில்லையே என்று கலங்காதீர்கள். வாயில் வருவதைக் கேளுங்கள். கர்த்தருக்கு அது போதும்.