அக்காவின் ஷேடு கார்டு பெட்டி

அக்காவின் தகரப் பெட்டியைத் திறந்தால் சாயத்தின் புளிப்பு வாசனை முகத்தில் அடிக்கும். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில், கட்டிலுக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டி நிறைய ‘ஷேடு கார்டு’கள். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அப்பா, ஆர்டர் முடிந்ததும் குப்பைக்குப் போகும் அந்தத் துணி ஒட்டிய அட்டைகளை அவளுக்காகவே பொறுக்கிக்கொண்டு வருவார். ஒரு நீலத்துக்கும் இன்னொரு நீலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அட்டையில் போட்டிருக்கும் ஷேடு நம்பரோடு சொல்வாள் என் அக்கா சுமதி. யாராவது ஓர் அட்டையை இடம் மாற்றி வைத்தால் போச்சு, காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். ‘அடங்காப்பிடாரி’ என்று தெருவே பெயர் வைத்திருந்தது. ஆட்டிசம் என்ற சொல் அப்போது எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

அவள் புதுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்த வருடம் எனக்குப் பதினோரு வயது. அந்த மழைக்காலத்தில் அக்கா திடீரென்று சமர்த்தாகிவிட்டாள். சோற்றில் பொரியல் ஒட்டினாலும் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்து பனியன் யூனிட்டின் தையல் மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்தவில்லை, நிறங்களைப் பற்றிய பேச்சும் நின்றுபோனது. பிறகு தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கு நாலு கார்டாகக் கொடுக்க ஆரம்பித்தாள். “ஏ அம்மிணி, உன்ற புள்ளைக்கு இப்பத்தான் புத்தி தெளிஞ்சிருக்குது” என்று எதிர்வீட்டு சரசக்கா சொல்ல, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த அம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, முருகனுக்குத் தேங்காய்கூட உடைத்தாள். அக்கா எங்களை விட்டுப் போகத் தயாராகிக்கொண்டிருந்தாள். நாங்களோ அவள் தேறிவிட்டதாகக் கொண்டாடினோம்.

எனக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. ஒரு லீவு நாள் மத்தியானம், மிச்சமிருந்த கார்டுகளை என் மடியில் வைத்து, “இனி எனக்கு வேண்டாம், நீ வெச்சுக்கோ” என்றாள். மனதில் பட்டதை அப்படியே கேட்டுவிட்டேன். “அக்கா, செத்துப் போலாம்னு நினைக்கறயா?”

“ஆமா” என்றாள், நம்பர் சொல்லும் அதே குரலில். “பள்ளிக்கூடத்துல எல்லாரு மாதிரியும் நடிச்சுப் பாத்தேன். முடியல. யார்கிட்டயும் சொல்லாத.”

அழுதிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள்; என் அக்காவுக்குத் துக்கம் முகத்துக்கு வராது. அவள் கையை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மாவின் கம்பெனி வாசலுக்கே ஓடினேன். விஷயத்தைக் கேட்ட அம்மா திட்டவில்லை, “எதுக்கு இப்படிப் பேசற” என்று வாயை அடைக்கவும் இல்லை. “சொன்னயே கண்ணு, அது போதும்” என்று அக்காவை அணைத்துக்கொண்டாள். அன்றைக்கே கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

ஆட்டிசம் என்ற சொல்லை எங்களுக்குத் தந்த டாக்டரம்மா, “முகத்தப் பாத்துட்டு நல்லா இருக்குதுன்னு நினைக்காதீங்க, பழக்கம் மாறுதான்னு பாருங்க” என்றார். நேராகக் கேட்டது தப்போ என்று மிரண்டிருந்த என்னிடம், “நீ கேட்டதாலதான் சொல்லுச்சு” என்றார். அதைக் கேட்டு ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன் நான். அம்மா வேலையை விட்டுவிட்டு அக்காவோடேயே இருந்தாள்; பள்ளியை மாற்றினாள்; வீடு வீடாகப் போய் கார்டுகளைத் திரும்ப வாங்கிவந்தாள். தெருவில் கொடுத்ததில் பாதியைச் சரசக்காவே வசூல் செய்து கொடுத்தார்.

இன்று அந்த லைன் வீடு இல்லை, அங்கே ஒரு குடோன் நிற்கிறது. அக்கா ஒரு சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்க்கிறாள். நிறம் பார்க்கும் மெஷின் ஒன்று சொல்லி, துணி வாங்கும் பையர் வேறொன்று சொன்னால் “சுமதியக் கூப்பிடுங்க” என்கிறார்கள். அவளை என் அக்கா என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. ‘எப்படி இருக்கே’ என்று அவளிடம் நாங்கள் கேட்பதில்லை. யாரோ கற்றுக்கொடுத்த ‘நல்லா இருக்கேன்’தான் பதிலாக வரும். “இன்னிக்கு என்ன ஷேடு?” என்று கேட்போம். ஏதாவதொரு சாம்பல் நிறத்தின் நம்பரைச் சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அந்தப் பெட்டியைத் திறந்து, “பெரியம்மா, இந்த நீலம் ஒண்ணே ஒண்ணு எனக்குத் தாங்க” என்றாள்.

“தரமாட்டேன்” என்று வெடுக்கெனப் பிடுங்கிக்கொண்டாள் அக்கா.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். “தராத கண்ணு, ஒண்ணுகூடத் தராத.”