அவிழாத முடிச்சு

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்படிப்பட்டவள் இரண்டு வருஷம் குடுவையும் கையுமாக உட்கார்ந்து ஒரு மருந்து மூலக்கூறைச் செய்து முடித்தேன். டிஎன்ஏ இழை சில இடங்களில் தன்மேலேயே மடிந்து முடிச்சாகும். அதை அவிழவிடாமல் என் மூலக்கூறு பிடித்துக்கொண்டால் புற்றுநோய்ச் செல் பெருகத் திணறும் என்பது கணக்கு. சோதனை என்னவோ எளிதுதான். முடிச்சைச் சூடாக்க வேண்டும். மருந்து போட்டது, போடாததைவிட அதிகச் சூட்டில் அவிழ்ந்தால் ஜெயம்.

இரண்டும் ஒரே மாதிரி வந்தன. இதை விட்டுவிட்டு வேறு ஆரம்பி என்று பேராசிரியை சொல்லிவிட்டார். காலையில் கோபத்தோடு குடுவைகளை எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டினேன். குப்பியின் அடியில் கொஞ்சூண்டு மருந்து மிச்சமிருந்தது.

பக்கத்து மேஜைத் தோழி இந்த வடக்கத்தி ஊரில், கிட்வாய் நகரிலேயே பிறந்து வளர்ந்தவள்; அவள் தமிழில் இந்தி கலந்துவிடும். என் வரைபடத்தை எட்டிப் பார்த்தாள்.

"அரே, மருந்து போடாதது எங்க அவிழ்ந்துச்சு?"

"ரெண்டும் ஒண்ணுதான். எரிச்சலக் கிளப்பாதே!"

"ஒண்ணுமே அவிழலயேடீ! அவிழ்ந்தா கோடு சரியணும், இது நேரா படுத்தே கெடக்கு, பாரு."

அடக் கடவுளே! கரைசலில் நான் போட்ட பொட்டாசியம் உப்பே முடிச்சை இறுக்கிவிட்டிருக்கிறது. கருவியின் உச்சச் சூட்டிலும் அது அசையவில்லை. ஏற்கெனவே பூட்டிய கதவில் இன்னொரு பூட்டை மாட்டி, பிடிக்கிறதா என்று பார்த்திருக்கிறேன், மடச்சி!

வெளியே மே மாத வெயில், உள்ளே ஏ.சி.க்கே மூச்சு வாங்கியது. உப்பை வெகுவாகக் குறைத்து, மிச்ச மருந்து முழுவதையும் போட்டு மறுபடி சூடேற்றினோம். வெறும் முடிச்சு சீக்கிரமே அவிழ்ந்தது. மருந்து போட்டது நின்றது. இன்னும் சூடேற, அப்பவும் நின்றது! ரொம்ப நேரம் கழித்துத்தான் கோடு சரிந்தது. நான் கத்திய கத்தலில் தாழ்வாரத்தில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

"ருக்கோ, பொறு, ஆறட்டும். திரும்ப மடிஞ்சாத்தான் நெஜம்," என்றாள்.

நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூடு இறங்க இறங்க, கோடு போன வழியிலேயே திரும்பி வந்தது. அவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

பேராசிரியை வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னும் இரண்டு முறை இதே மாதிரி வர வேண்டும், மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

"ஒரு பொட்டுகூட இல்ல, மேடம்."

"அப்போ மறுபடியும் செய்."

மறுபடியும் மாசக்கணக்கில் அதே குடுவை, அதே நாற்றம். ஓடிப்போய் அட்டைப்பெட்டியைக் கிழித்தேன்.