வேட்டை வண்டிக்குப் பின்பாரம் ஆகாது

டிரெய்லர் விற்கிறவனுக்கு ஒரு தலையெழுத்து உண்டு: வாங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அவனைவிட வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும். துணிக்கடையோ மருந்துக்கடையோ மாட்டுத் தரகோ, எந்தத் தொழிலில் இருந்தாலும் சரி, வாடிக்கைக்காரரிடம் நல்லது சொல்லி மூக்குடைபட்டவர்கள் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் உட்கார இடம் கொடுங்கள்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்துவிட்டது, எல்லை எங்கே என்பது மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. அந்த வருஷங்களில் நான் ரேணிகுண்டாவில் ஒரு தகரக் கொட்டகையில் மேஸ்திரி. யுத்தம் முடிந்து பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட டிரெய்லர்களைப் பழுது பார்த்து விற்போம். பழைய லாரி அச்சுகளை வைத்துப் புதிதாகவும் செய்வோம். மலையடிவாரத்தில் காடும் கரடுமாக நிலம் வைத்திருந்தவர்கள்தான் வாங்குவார்கள். அவர்களுடைய கடலைக் கொல்லையைப் பன்றிகள் அவர்களுக்கு முன்பே அறுவடை செய்துவிடும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தது, ஏலத்தில் எடுத்த ஜீப் இருந்தது. சுட்டதை ஏற்றி வரத்தான் ஒரு வண்டி வேண்டியிருந்தது.

துருவா, ரத்தமா?

பட்டாளத்து டிரெய்லர்களில் தகரத்தில் ஓட்டை இருக்கும். குண்டு பாய்ந்ததா, ஆணி பிடுங்கியதா என்று எங்களுக்கே தெரியாது. வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவார்கள். அச்சு நேராக இருக்கிறதா, கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

நகரிக்குத் தெற்கே பண்ணை வைத்திருந்த நரசிம்ம ரெட்டியார் முதல் முதலாக வந்தது அப்படித்தான். நல்ல உயரம், சிரித்த முகம், யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுகிற வழக்கம். ஒரு டிரெய்லரின் அடித்தகரத்தில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. இதில் யாராவது செத்துப் போனார்களா என்று கேட்டார். துருதான் ஐயா என்றேன். நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். பிறகு என் முதுகில் தட்டிச் சொன்னார்: "துருவோ ரத்தமோ, எப்பிடியும் பன்னி ரத்தம் படத்தானே போவுது. நல்லா கழுவி வெய்யி."

எந்த ராஜ்யத்து நம்பர்?

ரெட்டியாருடைய வீடு ஒரு பக்கம், வேட்டைக்காடு ஒரு பக்கம். நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸுக்குப் போகும் என்று ஒரு கட்சி, எல்லாம் இங்கேயேதான் இருக்கும் என்று ஒரு கட்சி. டிரெய்லரின் பின்பலகையில் நம்பர் எழுத வேண்டும், எந்த ராஜ்யத்து நம்பர் என்று பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக நிற்கிறார். வண்டி இந்தப் பக்கம் பதிவாகி, பன்றி அந்தப் பக்கம் செத்தால் என்ன சட்டம் என்று நான் கேட்டுவைத்தேன்.

ரெட்டியார் பெரிய கேள்விகளுக்கு அஞ்சுகிறவர் இல்லை. "பன்னி எந்தப் பக்கம் பொறந்துச்சுன்னு அதோட நைனாவுக்கே தெரியாது. ஆந்திரா நம்பரே எழுது, நான் துன்னறது ஆந்திராவுலதானே!"

காளையின் கழுத்து

இரண்டு வகை வண்டி இருந்தது. ஒன்று பட்டாளத்து இரண்டு சக்கர டிரெய்லர். சின்னது, அழகானது, ஜீப்பின் பின்னால் நாய்க்குட்டி மாதிரி ஓடும். இன்னொன்று நாங்கள் செய்த நாலு சக்கரம். பார்க்க மட்டம்தான், ஆனால் பாரத்தை எங்கே வைத்தாலும் தாங்கும். இரண்டு சக்கரம் அப்படி இல்லை. பாரம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், கொக்கி ஜீப்பை அழுத்த வேண்டும். பின்பாரமானால் மூக்குத் தூக்கும், வால் ஆடும். இறக்கத்தில் ஆட ஆரம்பித்துவிட்டால் டிரைவர் என்ன செய்தாலும் நிற்காது, கவிழ்த்துவிட்டுத்தான் ஓயும்.

இதைப் பாரம் ஏற்றுகிற ஆளிடம் சொல்ல வேண்டும், கூட்டி வாருங்கள் என்றேன். கன்னியப்பன் வந்தார். ரெட்டியாரின் மாட்டு வண்டிக்காரர், பிறந்ததிலிருந்து காளைகளோடு இருந்தவர். மணல் மூட்டைகளை ஏற்றச் சொன்னேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பலகைப் பக்கமாக அடுக்கினார். மாட்டு வண்டியில் முன்பாரம் என்றால் காளையின் கழுத்து நைந்துவிடும். அதனால் பாரத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி வைப்பது நல்ல வண்டிக்காரனின் தருமம். மூட்டைகளை நான் முன்னால் தள்ளினேன். அவர் கொக்கி அமுங்குவதைப் பார்த்துவிட்டு, மறுபடி பின்னால் இழுத்தார்.

இந்தக் கை பழகிய கை, மாறாது என்று எனக்குப் பட்டது. ரெட்டியாரிடம் நாலு சக்கரத்தையே எடுங்கள் என்று மன்றாடினேன். மெட்ராஸிலிருந்து பெரிய மனுஷர்கள் வேட்டைக்கு வருவார்கள், அவர்கள் முன்னால் இதை இழுத்துக்கொண்டு போனால் மானம் போகும் என்றார். கன்னியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் புத்தி சொல்கிற குரலில் சொன்னார்: "மேஸ்திரி, வாயில்லாததுன்னு ஜீப்பு கழுத்துல இம்மாம் பாரம் வெக்கலாமா? பாவம் இல்ல?"

காட்டைப் பார்த்த தலை

ரெட்டியார் இரண்டு சக்கரத்தையே வாங்கிப் போய்ச் சில மாதம் கழித்து, கொக்கி தளர்ந்துவிட்டது என்று ஆள் வந்தது. உடனே புறப்பட்டுப் போனேன். நான் போன நேரம் வேட்டை முடிந்து வண்டி இறங்கி வருகிறது. இரண்டு பன்றி, இரண்டும் பின்பலகைக்கு மேலே தலையைத் தொங்கவிட்டபடி. பன்றிக்குக் கனமெல்லாம் தலையிலும் தோளிலும்தானே! அந்தத் தலைகளைப் பிடித்துக்கொண்டு கன்னியப்பன் பின்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது.

ஏன் இப்படி என்று கத்தினேன். அந்தப் பக்கத்து வழக்கம் அது: செத்த மிருகம் தான் பிறந்த காட்டைப் பார்த்தபடியேதான் ஊருக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் காடு அடுத்த முறை ஆளைக் கேட்கும். திருப்பி வைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஓர் இரும்புச் சட்டத்தைக் குறுக்கே போட்டு முடுக்கினேன். தலை காட்டைப் பார்க்கட்டும், ஆனால் சட்டத்தைத் தாண்டி வர முடியாது. ஆளும் சட்டத்துக்கு முன்னால்தான் உட்கார வேண்டும். வண்டியை இழுத்துப் பார்த்தோம், ஆடவே இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கன்னியப்பனும் சட்டத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். ஊருக்கு வந்தால் சாப்பிடாமல் போகக்கூடாது என்று வீட்டுக்கு இழுத்துப் போனார். அவருடைய மனைவி முனியம்மா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். கிளம்பும்போது கன்னியப்பன் சொன்னார்: "காட்டுக்கும் கோவம் இல்ல, ஜீப்புக்கும் கோவம் இல்ல. இனிமே நிம்மதியா குந்திக்கினு வருவேன் மேஸ்திரி."

ஒரு போட்டோவுக்காக

அப்புறம் ஒரு நாள் பண்ணையிலிருந்து ஓர் ஆள் வந்தான், கவிழ்ந்த டிரெய்லரை எடுத்துவர லாரியோடு வரச் சொன்னார்கள் என்று. ஆள் யாருக்காவது அடியா என்று கேட்டேன். வந்தவன் கன்னியப்பன் பெயரைச் சொன்னான்.

ஓடைக்கு இறங்கும் சரிவில் வண்டி குப்புறக் கிடந்தது. ஓரத்தில் நின்றவர்கள் சொன்னதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெட்ராஸ் விருந்தாளிகள் மூன்று பன்றிகளைச் சுட்டிருக்கிறார்கள். மூன்று தலையும் பின்பலகையில் வரிசையாகத் தொங்க, பக்கத்தில் துப்பாக்கியோடு நின்று போட்டோ எடுக்க ஆசை. சட்டம் குறுக்கே நின்றது. ரெட்டியார் உடனே ஸ்பானரைக் கொண்டுவரச் சொல்லிக் கழற்றிவிட்டார். போட்டோ எடுத்தாயிற்று. வெயில் ஏறுகிறது, போகலாம் என்று விருந்தாளிகள் அவசரப்படுத்த, சட்டத்தை மறுபடி மாட்ட யாருக்கும் பொறுமை இல்லை. தலைகள் சரியாமல் பிடித்துக்கொள்ளக் கன்னியப்பனைப் பின்னால் ஏறச் சொன்னார்கள். அவர் சட்டத்தைக் காட்டி ஏதோ சொல்ல வந்தாராம். ரெட்டியார் வழக்கம்போல் பாதியில் வெட்டிவிட்டார்.

கழற்றிய சட்டம் ஜீப்பின் சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்றைக்கும் அடங்கவில்லை. ஏன் ஐயா கழற்றினீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன். ரெட்டியார் கண் கலங்கித்தான் இருந்தார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வழக்கம் தப்பலப்பா. மூணு தலையும் காட்டைத்தான் பாத்துக்கினு வந்துச்சு. விதி!"

நாலு சக்கரம்

கன்னியப்பனின் காரியம் முடிந்து சில நாளில் ரெட்டியார் கொட்டகைக்கு வந்தார். ஓட்டையில் விரல் விடவில்லை, பேரமும் பேசவில்லை. நேராக நாலு சக்கர வண்டியிடம் போய் நின்றார். மானம் போகும் என்று சொன்ன வாயால், இதையே எடுத்துக்கொள்கிறேன் என்றார். கவிழ்ந்ததை என்ன செய்வது என்று கேட்டேன். என் முதலாளி முந்திக்கொண்டு, நெளிசலை எடுத்து வேறு யாருக்காவது விற்றுவிடலாம் என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

வாசலில் முனியம்மா நின்றிருந்தார். ரெட்டியாரின் ஜீப்பிலேயே, பின் சீட்டில் வந்திருக்கிறார். கவிழ்ந்த வண்டியை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப் போய்க் காட்டினேன். தன் புருஷன் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டார். பின்பலகை ஓரத்தைக் காட்டினேன். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பாரம் எங்கே இருந்தது, மூக்கு ஏன் தூக்கியது, சட்டம் ஏன் போட்டேன் என்று நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன், வாய் நிற்கவில்லை. அவர் அழவும் இல்லை, யாரையும் திட்டவும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, கொக்கியைப் பார்த்தபடியே சொன்னார்: "மாட்டு வண்டியா இருந்தா, ஆளு வுழுந்ததும் மாடு நின்னுருக்கும் இல்ல?"

இத்தனையும் பார்த்த பிறகு, இரண்டு சக்கரம் கேட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்காமல் விட்டதில்லை, அவர்களும் என்ன பெயிண்ட் அடித்துத் தருவீர்கள் என்று திருப்பிக் கேட்காமல் விட்டதில்லை.